தலையில் ஒரு நடவு

இராஜாக்கமங்கலத்திலிருந்து துறைக்குச் செல்லும் வழியெங்கும் நம் இளமைக் காலத்தில் நெல் வயல்கள் விரிந்து கிடந்தன. இன்று அவற்றுள் பெரும்பகுதி தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. எனினும், எஞ்சிய வயல்களில் கும்பப்பூ நடவு நடக்கும் நாட்களில் வரப்பில் சற்று நின்று பார்த்துச் செல்லும் பழக்கத்தை நாம் விட்டதில்லை. நட்ட மறுநாள் வயலைப் பார்ப்பவர் மனம் சோர்ந்து போவார். நாற்றங்காலில் பசுமையாய் நிமிர்ந்து நின்ற பயிர், மஞ்சளித்துத் தலை சாய்ந்து கிடக்கும். பொறுத்திருந்தால் வேர் பிடிக்கும், பச்சை திரும்பும். இதே காட்சியை மனிதனின் தலையிலும் ஒருநாள் காண நேரும் என்று நாம் எண்ணியதே இல்லை.

முடி நடும் அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் சொல்ல வருகின்றோம். நம் பகுதிப் பிள்ளைகள் கடல் கடந்து சென்று வெயிலில் ஈட்டும் பொருளில் ஒரு பங்கு இப்போது இச்சிகிச்சைக்கும் செல்கின்றது. அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை நம் வீட்டுப் பிள்ளை ஒருவனின் வாயிலாக நாம் அறிந்துகொண்டோம். அறிந்ததைப் பிறருக்கும் சொல்லி வைப்பது நலம் என்று தோன்றுகின்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தங்கை மகன் வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான். வயது இருபத்தெட்டு. இருபத்திரண்டிலேயே நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி பின்வாங்கத் தொடங்கி, இப்போது முன்மண்டை முழுவதும் வெறுமையாகிவிட்டது. நமக்கும் முப்பது வயதில் வழுக்கை விழுந்ததுண்டு. அதை நாம் பொருட்படுத்தவில்லை. ஆகவே பிறரும் பொருட்படுத்தலாகாது என்று கருதியிருந்தோம். உறவினர் நிக்காஹ் ஒன்றில், பலர் கூடியிருந்த பந்தியில், “சொட்டை மாப்பிள்ளைக்கு எப்போது கல்யாணம்?” என்று அவனை நாமே கேலி செய்ததும் உண்டு. எல்லோரும் சிரித்தனர். அவனும் சிரித்தான்.

அன்றிரவு அவன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தலையில் முடி நடப் போவதாகவும், நகரில் ஓர் அழகு நிலையத்தில் இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டதாகவும் சொன்னான். நாம் வழக்கம்போல் நம் தலையைத் தடவிக் காட்டி, “இதனால் நமக்கு என்ன குறைந்துவிட்டது?” என்றோம்.

“மாமா, உங்களுக்கு வழுக்கை விழும்போ மாமி வீட்டுக்கு வந்தாச்சு. எனக்கு இன்னும் வரல்ல” என்றான்.

அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. இரண்டு பெண் வீட்டார் அவன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே இருந்துவிட்டனர் என்பதைப் பின்னர்தான் தங்கை சொல்லி அறிந்தோம். உயிருக்கு ஊறு செய்யாத குறைதான். ஆயினும், அதைச் சுமப்பவனுக்கு அதன் எடை எவ்வளவு என்று நாம் நிறுத்துப் பார்த்ததில்லை.

அழகு நிலையத்தார் அவனிடம் சொன்னவை வருமாறு: ஒரே நாளில் வேலை முடியும், மூன்றாம் நாள் அலுவலுக்குச் செல்லலாம், நாலாயிரம் முடிக்கொத்து நடப்படும், இருபது வயதில் இருந்த தலை திரும்பி வரும். கத்தியைக் கையில் எடுக்கப் போகும் டாக்டர் யார் என்று நாம் கேட்டதற்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆகவே முதலில் நாகர்கோவிலில் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்ற ஓர் அம்மையாரிடம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் அரை மணி நேரம் பொறுமையுடன் விளக்கியவை, அந்நிலையத்தார் சொன்னவற்றுக்கு முற்றிலும் மாறாயிருந்தன.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாள்தோறும் ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு; அவற்றின் இடத்தில் புதியவை முளைக்கும். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. ஆண்மைச் சுரப்பு நீரிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள், முன்மண்டையிலும் உச்சியிலும் உள்ள முடியின் வேர்களைச் சிறுகச் சிறுகச் சுருங்கச் செய்கின்றது. முடி மெலிந்து, பூனை மயிராகி, இறுதியில் மறைகின்றது. பின்மண்டையிலும் காதுகளுக்கு மேலும் உள்ள வேர்கள் இப்பொருளுக்கு எளிதில் அடிபணிவதில்லை. எவ்வளவு வழுக்கை விழுந்தவருக்கும் பின்புறம் ஒரு பிறைபோல் முடி எஞ்சி நிற்பதன் காரணம் இதுவே.

ஜப்பானைச் சேர்ந்த ஒகுடா என்னும் டாக்டர், தழும்பான இடங்களில் முடியோடு கூடிய தோலை நட்டு, அம்முயற்சியை 1939இல் எழுதி வெளியிட்டார். நியூயார்க் நகரத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952இல் வழுக்கைத் தலையில் இதைச் செய்து, 1959இல் ஆய்வுரையாக வெளியிட்டார். அவர் கண்டறிந்தது இது: பின்புறத்து முடி முன்புறம் வந்து குடியேறினாலும், பிறந்த இடத்தின் குணத்தை விடுவதில்லை. அங்கே எவ்வளவு காலம் நிலைத்திருக்குமோ, இங்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் நிலைக்கும். இன்று உலகெங்கும் நடக்கும் முடி நடவு முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் எழுந்ததே. அக்காலத்தில் நான்கு மில்லிமீட்டர் அகலத் துண்டுகளாக நட்டனர். தலை, பொம்மையின் தலைபோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒன்று முதல் நான்கு முடிகள் வரை கொத்துக் கொத்தாக முளைப்பதே இயற்கை என்பதை அறிந்து, இன்று அக்கொத்துகளைத் தனித்தனியே எடுத்து நடுகின்றனர். இதையே கிராஃப்ட் என்பர்.

“புது முடி எதையும் நாங்கள் உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகின்றோம், அவ்வளவே” என்றார் அம்மையார்.

இச்சொல்லைக் கேட்டதும் நமக்கு நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒப்புமை பாதி தூரமே செல்லும். வயலில் நட்ட நாற்று தூர் கட்டிப் பலவாகப் பெருகும். தலையில் நட்ட கொத்து பெருகாது. நாற்றங்காலில் மறுபோகத்துக்கு மீண்டும் விதைக்கலாம். பின்மண்டையில் பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. ஆயுள் முழுவதற்கும் அங்கிருந்து எடுக்கத் தக்கவை சில ஆயிரம் கொத்துகளே. அவற்றை இருபத்திரண்டு வயதில் நெற்றியோரத்திலேயே நட்டுத் தீர்த்துவிட்டால், நாற்பதில் உச்சி வெறுமையாகும்போது கைவசம் ஏதும் இராது. முன்னால் ஒரு வரப்பும் நடுவில் பொட்டலுமாக நிற்க வேண்டியதுதான். ஆகவே வழுக்கை எந்த அளவுக்குப் பரவும் என்று கணிக்க இயலாத இளவயதில் நல்ல டாக்டர்கள் கத்தியை எடுக்கத் தயங்குகின்றனர். ஹாமில்டன் வகுத்து, நார்வுட் 1975இல் திருத்திய ஏழு படிகளைக் கொண்டு அவர்கள் இதைக் கணிக்கின்றனர்.

எல்லா முடியிழப்புக்கும் இது மருந்தன்று என்பதும் தெரிந்தது. புழுவெட்டு வந்தவருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே வேரைத் தாக்குவதால், நட்டதும் வீணாகலாம். கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர், தழும்பு தடித்து வளரும் இயல்புடையவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் ஆகியோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நட்ட பின்னும் ஏற்கெனவே உள்ள முடி உதிர்ந்துகொண்டேயிருக்கும். அதைத் தடுக்கவே மருந்து. இரத்த அழுத்தத்துக்கென வந்த மினாக்சிடில் 1988இலும், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கென வந்த ஃபினஸ்டிரைடு 1997இலும் அமெரிக்காவில் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றன. பின்னது சிலருக்கு இல்லற வாழ்வில் குறை உண்டாக்குவதுண்டு; கருவுற்ற பெண்கள் அதன் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி உண்ணத் தக்கதன்று.

நம் மருமகன் முன்பணத்தை விட்டுவிட மனமின்றித் தயங்கினான். அப்போது அம்மையார் ஒரு செய்தியை நினைவூட்டினார். 2016ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், உடல்நிலை சீர்கெட்டு, வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை. அவர் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு பயின்ற மாணவர். மருத்துவம் கற்றவருக்கே நேர்ந்தது இது. தலை முழுவதும் மரத்துப்போகச் செலுத்தும் மருந்து அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். அதை உடனே கண்டறிந்து காப்பாற்றும் ஆளும் கருவியும் அவ்விடத்தில் இருந்தாக வேண்டும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென நெறிமுறைகள் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற டாக்டரே இதைச் செய்ய வேண்டும். படக்காட்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யலாகாது என்பது அதன் சாரம். மலிவு என்று இஸ்தான்புல் வரை பறந்து செல்லும் வளைகுடா நண்பர்களும் இக்கேள்வியைக் கேட்டேயாக வேண்டும்: குழி இடுபவர் யார்? டாக்டரா, அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் வேறொருவரா?

இருபதாயிரம் போயிற்று. அந்நிலையத்தார் திருப்பித் தரவில்லை. பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் என்று கொண்டோம்.

மற்றொரு தயக்கமும் நம் வீட்டில் இருந்தது. ஒட்டு முடி வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளமை நாம் அறிந்ததே. இதுவும் அதுவும் ஒன்றா என்று தங்கை கேட்டாள். மார்க்கம் கற்ற ஒரு பெரியவரிடம் சென்றோம். பிறர் முடியை ஒட்டிக்கொண்டு இல்லாததை இருப்பதாகக் காட்டுவது வேறு. தன் முடியே தன் தலையில் வேரூன்றி வளர்வது வேறு. இது குறை நீக்கும் சிகிச்சையைச் சாரும் என்று அவர் விளக்கினார். 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும், முடி உதிர்ந்தவருக்கு முடி நடுவதை அனுமதிக்கத் தக்க சிகிச்சைகளுள் சேர்த்துள்ளது என்றார். பிறகு, புகாரி, முஸ்லிம் இரு தொகுப்பிலும் காணப்படும் மூவர் வரலாற்றைச் சொன்னார். வெண்குட்டம் உடையவர், வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவரிடம் வானவர் வந்து, விரும்புவது யாது என்று கேட்கிறார். வழுக்கைத் தலையர் அழகிய முடியை வேண்டுகிறார். மக்கள் தம்மை வெறுத்து ஒதுக்கும் நிலை நீங்க வேண்டும் என்கிறார். வானவர் தடவ, முடி கிடைக்கின்றது, செல்வமும் கிடைக்கின்றது.

“கேட்டதில் குற்றமில்லை தம்பி. அவர் தோற்றது பின்னால்தான். அதையும் வாசித்துக்கொள்” என்று சொல்லி அனுப்பினார் பெரியவர்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. காலை எட்டு மணிக்கு மொட்டையடித்து, நெற்றியில் புதிய முடிக்கோடு எங்கே வர வேண்டும் என்று மையால் வரைந்தனர். கோட்டைக் கீழே இறக்கச் சொல்லி நம் மருமகன் கெஞ்சினான், டாக்டர் இணங்கவில்லை. ஐம்பது வயதிலும் அந்த முகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்மண்டையில் தோலைப் பட்டையாக வெட்டியெடுத்துத் தைப்பது ஒரு முறை. அதில் ஒரு நீண்ட தழும்பு நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழல் முனையால் கொத்துகளை ஒவ்வொன்றாக எடுப்பது மற்றொரு முறை. அதில் புள்ளித் தழும்புகள் நிற்கும். இவனுக்கு இரண்டாவது. இரண்டாயிரத்துச் சொச்சம் கொத்துகள். நாலாயிரம் அன்று. மாலை நான்கு மணி வரை, தொழுகைக்கும் உணவுக்கும் இடைவெளி விட்டு, வேலை நடந்தது. முதலில் மரப்பூசி போடும் அந்தச் சில நிமிடங்களே கொடுமையானவை என்றும், பிறகு முதுகும் கழுத்தும் வலித்ததன்றித் தலை வலிக்கவில்லை என்றும் சொன்னான்.

இரவில் காரில் திரும்பினோம். களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் சில இரவுகள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்கினான். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்களுக்கு இறங்கியது. முகம் அடையாளம் தெரியாமல் போயிற்று. தங்கை அலறிவிட்டாள். இது வழக்கமானதே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாம் பிழைத்தோம். முதல் நாட்களில் தலையைத் தாழ்த்தலாகாது என்பதால், பெரியவரின் சொற்படி அமர்ந்து சைகையால் தொழுதான். ஒளுவில் மஸ்ஹு செய்ய, காயமில்லாத சிறு பகுதியில் ஈரக்கையைத் தடவிக்கொண்டால் ஷாஃபி மத்ஹபில் போதுமானது என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். பத்தாம் நாளுக்குள் பொருக்குகள் உதிர்ந்தன. அரிப்பு மிகுந்தது, நகம் படலாகாது. கடற்கரையில் பிறந்தவனுக்கு ஒரு மாதம் கடல் குளியல் இல்லை. உச்சி வெயிலும் இல்லை.

பொருக்கு நீங்கியதும் குட்டையான கருமுடி வரிசையாய்த் தெரிந்தது. வீட்டில் பாயசம் வைத்தனர். நான்காம் வாரம் அவன் தலை துவட்டிய துண்டில் அம்முடிகள் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தன. சில நாட்களில் நட்டவை பெரும்பாலும் உதிர்ந்து, தலை முன்னைவிட மோசமாயிற்று. தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இதைத்தான் நாம் முதலில் சொன்ன மஞ்சளித்த வயல் என்பது. உதிர்வது முடியின் தண்டே. வேர் உள்ளே உறங்குகின்றது. டாக்டர் இதையும் சொல்லியிருந்தார். ஆனால் செவியால் கேட்டது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. இச்சிகிச்சை செய்துகொள்ளும் ஒவ்வொருவரும், அவர் தாயும், இந்த நான்காம் வாரத்தை முன்கூட்டியே மனத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த வெறுந்தலையோடுதான் அவன் விமானம் ஏறினான். பிறகு கைப்பேசியில் மாதம் ஒரு படம் வந்தது. மூன்று மாதம் ஒன்றுமில்லை. நான்காம் மாதம் மெல்லிய பூனை மயிர். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். எந்த மருந்தும் அதை ஓடச் செய்யாது. ஆறாம் மாதம் பாதி; ஓராண்டில் நிறைவு. இயல்பான அடர்த்தி வரவில்லை, வராது. ஆனால் அடர்த்தியில் பாதி இருந்தாலே கண்ணுக்கு வெறுமை தெரிவதில்லை என்பதால், எதிரே நின்று பார்ப்பவருக்கு அது முடியுள்ள தலையே. உச்சியில் ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் வெறுமைதான். அதை விட்டுவைத்தது டாக்டரின் முன்யோசனை.

பதினான்காம் மாதம் ஊர் வந்தான். பெண் பார்க்கும் பேச்சு மீண்டும் தொடங்கியது. ஓரிடம் கூடிவரும் நிலையில், தன் பழைய படத்தையும் அவர்களிடம் காட்ட வேண்டும் என்றான். “சொல்லாமல் இருந்தால் என்ன? பொய் சொல்லவில்லையே” என்றாள் தங்கை. நமக்கும் உள்ளூர அதுவே தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவன், பெரியவர் வாசிக்கச் சொன்ன பகுதியைச் சொன்னான். அந்த வழுக்கைத் தலையரிடம் வானவர் ஏழை வடிவில் மீண்டும் வருகிறார். “மக்கள் வெறுத்த நிலையில் இருந்தவர் அல்லவா நீர்?” என்று கேட்கிறார். அம்மனிதர் தம் பழைய நிலையை மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பினால் பெற்றதை இழக்கிறார்.

படத்தைக் காட்டினான். அப்பெண் வீட்டார் நான்கு நாள் கழித்து, ஜாதகம் பார்க்கும் வழக்கமில்லாத நம்மிடம், நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினர். தங்கை நம்மோடும் அவனோடும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்து வந்த இடத்திலும் அவன் காட்டினான். அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டுமா, அதனால் உடம்புக்குக் கேடு உண்டா என்று மட்டும் கேட்டாளாம். சென்ற ஆண்டு நிக்காஹ் நடந்தது.

பந்தியில் நம் அருகே அமர்ந்திருந்த ஒருவர் மாப்பிள்ளையின் தலையைப் பற்றி நகைச்சுவையாக ஏதோ தொடங்கினார். நாம் அவருக்குச் சோறு போடச் சொல்லிப் பேச்சை மாற்றினோம். பழைய பந்தியில் நாம் செய்ததற்கு அது ஈடாகாது. எனினும், அன்று நம்மால் செய்யக்கூடியதாயிருந்தது அதுவே.